வராத ஒன்பது பேருக்காக ஒரு கேள்வி

கிணறு வெட்டுவதானாலும் மதகு கட்டுவதானாலும் முதல் ஆளாக மண்வெட்டி எடுக்கும் கிராமச் சங்க முதல்வரும் இக்கூட்டத்தின் தலைவருமான ஜனாப் ஜமால்தீன் அவர்களே! விழா நாயகராக வீற்றிருக்கும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் திரு. குலசிங்கம் அவர்களே! பள்ளிவாசல் மரைக்கார்மாரே, கோயில் பரிபாலன சபைப் பெரியோரே! தோணியைக் கரையேற்றிவிட்டு நனைந்த தலையோடு வந்திருக்கும் தம்பிமாரே! அடுப்படி அலுவலைப் பாதியில் விட்டுவந்து பாயில் அமர்ந்திருக்கும் தாய்மாரே! முன்வரிசையில் புத்தகத்தை மடியில் ஒளித்துப் படித்துக்கொண்டே, என் பேச்சைக் கேட்பதுபோல் முகத்தை வைத்திருக்கும் என் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

படியுங்கள் பிள்ளைகளே, படியுங்கள். இன்று சனிக்கிழமை. திங்கள் காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் எஸ்.எஸ்.சி. சோதனை, அரசாங்கப் பரீட்சை. இந்தக் கண்டற்குடா மண்ணில் நடக்கப்போகும் முதலாவது சோதனை. அது எப்படி வந்தது? ஆர் கொண்டுவந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? வள்ளத்தில் வந்து இறங்கியதா? ஒரு மனிதன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார்; அந்தக் கேள்வியில் வந்தது.

பின்னாலிருந்து ஒரு தம்பி, "கேள்வி கேட்டா எல்லாம் வந்திடுமோ மாஸ்டர்?" என்கிறார். நல்ல கேள்வி. வராது, தம்பி. முதல் தரம் கேட்டபோது எங்களுக்கு வந்தது சிரிப்பொலி மட்டும்தான். பொறுமையாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

போன வருட மாரியை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் சோதனைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். சோதனை நிலையமோ குடாவுக்கு அப்பால், திருகோணமலைப் பட்டினத்தில். இருபத்திரண்டு ஆண்பிள்ளைகள் வெள்ளிக்கிழமையே குடாவைக் கடக்கும் மோட்டார் லாஞ்சு ஏறிவிட்டார்கள். மிச்சம் ஒன்பது பேரும் பெண்பிள்ளைகள். குமர்ப்பிள்ளைகளை மூன்று நாள் முந்தியே பிறர் வீட்டில் விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஞாயிறு லாஞ்சில் போகட்டும் என்றார்கள். ஞாயிறு வந்தது, லாஞ்சு வரவில்லை. வாடைக் காற்று எழும்பி, குடா முழுக்க வெள்ளை வெள்ளையாக அலை. சுற்றிப் போகும் தெருவோ வெள்ளத்துக்குள். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து ஒன்பது பிள்ளைகளும் பேனையும் அடிமட்டமும் கையில் பிடித்தபடி துறையடியில் நின்றார்கள். ஒன்பது மணி அடித்தது. அக்கரையில் வினாத்தாள் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அப்போதும் அவர்கள் நின்றார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி ஸுல்பிகா. கணக்கில் அவள் கெட்டிக்காரி. நான் கரும்பலகையில் விட்ட பிழையை இரண்டு தரம் திருத்தியவள். அவள் வாப்பா ஸைனுலாப்தீன் அடுத்த கிழமை என்னிடம் வந்தார். "மாஸ்டர், கோவிக்காதீங்க. இன்னும் ஒரு வருசம் பார்ப்பன். அடுத்த வருசமும் கடல் தாண்டித்தான் எழுதோணும் எண்டா, புள்ள ஊட்டோட இருக்கட்டும்" என்றார். தகப்பன்மாரே, அவரைக் குறை சொல்ல ஏலுமா? மழையில் நடுங்கி நின்ற மகளைக் கூட்டிக்கொண்டு வீடு போனவர் அவர்.

எங்கள் உறுப்பினர் இதைக் கேள்விப்பட்டார். மாசி மாதம் பாராளுமன்றத்தில் எழுந்தார். "கண்டற்குடாவுக்கு ஒரு சோதனை நிலையம் கொடுப்பீர்களா?" என்று கல்விக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்டார். அமைச்சர் தாளைப் பார்த்தார், பதில் சொன்னார். சபைப் பேச்சை அச்சிடும் ஹன்சாட்டின் பிரதி என் கையில் இருக்கிறது, வாசிக்கிறேன். "அந்தக் கிராமத்திலிருந்து சென்ற வருடம் ஒரு விண்ணப்பதாரியேனும் இல்லை. கௌரவ உறுப்பினர் கவலைப்பட வேண்டியது வேறு விடயம். நகர நிலையத்திலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் குடியிருக்கும் ஒன்பது பேர் சோதனைக்கு வரவே இல்லை. பட்டினத்துப் பிள்ளைகளை முதலில் படுக்கையிலிருந்து எழுப்பட்டும்."

சபை சிரித்தது. ஹன்சாட்டில் சிரிப்பு அச்சாகவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். படுக்கையிலா கிடந்தார்கள் எங்கள் பிள்ளைகள்? பாயிலா புரண்டார்கள்? துறையடியில் நின்றார்கள், தலைவர் அவர்களே, துறையடியில்!

சரி, அமைச்சர் ஏன் அப்படிச் சொன்னார்? மறுகிழமை உறுப்பினர் லாஞ்சில் இங்கே வந்தார். நேரே பள்ளிக்கூடத்தில் என் அறைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாஸ்டர், எங்கட பிள்ளையள் எத்தின பேர் விண்ணப்பிச்சவை?"

"முப்பத்தொண்டு."

"ஒருத்தரும் இல்லை எண்டு அமைச்சர் சொல்லுறார்."

"அவர் பொய் சொல்லுறார், ஐயா."

"இல்ல மாஸ்டர். அவருக்கு ஒரு தாள் வந்திருக்கு, அதை வாசிச்சவர். அந்தத் தாளுக்கு விசயம் எங்கயிருந்து போனது? அதைத்தான் பார்க்க வந்தனான்."

அலுமாரியைத் திறந்து விண்ணப்பங்களின் பிரதிகளை எடுத்தேன். முதலாவதில் விலாசம்: அன்புவழிபுரம். இரண்டாவதில் விலாசம்: லிங்கநகர். பத்தாவது, இருபதாவது, முப்பத்தோராவது, எல்லாம் பட்டினத்து விலாசம். எல்லாம் ஒரே கையெழுத்து. ஆருடைய கையெழுத்து? இந்தக் கையுடைய கையெழுத்து, பெரியோர்களே. இந்தக் கைதான்.

இன்றைக்குத்தான் இதைப் பகிரங்கமாகச் சொல்கிறேன். மாரியில் தபாலும் லாஞ்சில்தான் வரவேண்டும். ஒருமுறை ஒரு பிள்ளையின் அனுமதி அட்டை சோதனை முடிந்து நாலாம் நாள் வந்தது. அதற்குப் பிறகு, பிள்ளை எந்த உறவுக்காரர் வீட்டில் தங்கப் போகிறதோ அந்த வீட்டு விலாசத்தையே எழுதுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. பதினொரு வருடம் எழுதினேன். புத்திசாலித்தனம் என்று நினைத்து எழுதினேன். அட்டைகள் ஒழுங்காகக் கிடைத்தன. ஊர்தான் காணாமல் போனது. அரசாங்கத்தின் கண்ணுக்குக் கண்டற்குடாவில் சோதனை எழுதும் பிள்ளையே இல்லை. அந்த ஒன்பது பேர் பட்டினத்துச் சோம்பேறிகள்.

"பிழை என்ர, ஐயா. சபையில என்ர பேரைச் சொல்லுங்கோ" என்றேன். அவர் என் மேசையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்தார். "மாஸ்டர், இது உங்கட தேத்தண்ணி போல. சீனி கூடிப்போச்சு" என்றார். பிறகு, "அந்த முப்பத்தொரு வீட்டையும் எனக்கு எழுதித் தாங்கோ" என்றார்.

இப்போது சிரிக்கிறார் பாருங்கள். இப்படித்தான் அன்றைக்கும் சிரித்தார்.

பட்டினத்தில் அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் நடந்து போனார். வாகனத்தில் அல்ல, நடந்து. ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒரு கடிதம் வாங்கினார். சித்திரையில் மறுபடி எழுந்தார். சபை அவரைப் பார்த்த உடனேயே சிரிக்க ஆயத்தமாக இருந்தது. அவர் சொன்ன முதல் வசனத்தைக் கேளுங்கள்: "சென்ற முறை நான் கேள்வியைப் பிழையாகக் கேட்டேன். பிழை என்னுடையது. இன்றைக்குச் சரியாகக் கேட்கிறேன்."

பிழை என்னுடையது என்றார்! என் பிழையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவர் வெற்றியைத் தன்னுடையது என்று சொல்ல எத்தனையோ பேர் உண்டு. மற்றவர் பிழையைத் தன்னுடையது என்று சொல்ல எத்தனை பேர் உண்டு? நான் கண்டது ஒருவரை. அவர் இந்த மேடையில் இருக்கிறார்.

பிறகு கேள்வி: "நகர நிலையத்துக்கு விண்ணப்பித்தவர்களில், சோதனை நாட்களில் மட்டும் அந்த விலாசத்தில் தங்குவோர் எத்தனை பேர்?" அமைச்சர், அந்த விபரம் தம்மிடம் இல்லை என்றார். "என்னிடம் இருக்கிறது" என்று கடிதக் கட்டை எடுத்தார் நம்மவர். ஒன்றை வாசித்தார். ஸுல்பிகாவின் மாமி, பட்டினத்து றஹ்மா எழுதியது:

"ஸுல்பிகா என் கூடப்பிறந்த காக்காவின் மகள். என் வீட்டில் இருப்பவள் இல்லை, சோதனைக்கு மட்டும் வருபவள். போன மாரியில் அவளுக்குப் பாய் விரித்து, புதிய உறை போட்டுத் தலையணை வைத்தேன். அவள் வரவில்லை. சோதனை முடியும்வரை அந்தப் பாயைச் சுருட்ட எனக்கு மனம் வரவில்லை."

சிரிக்க ஆயத்தமாக இருந்த சபை சிரிக்கவில்லை. அமைச்சரையும் நான் பாராட்டத்தான் வேண்டும். "நான் வாசித்ததும் தாள், இதுவும் தாள். ஆனால் இது உண்மை. ஆராய்கிறேன்" என்றார். அதோடு உட்கார்ந்தாரா எங்கள் ஆள்? உட்காரவில்லை. "எந்தத் திகதிக்கு முன்?" என்றார். "விரைவில்" என்றார் அமைச்சர். "மாரிக்கு முந்திய விரைவா, பிந்திய விரைவா?" என்றார் நம்மவர். அன்றைக்கும் சபை சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கள் பக்கத்துச் சிரிப்பு. புரட்டாதியில், கண்டற்குடாவுக்குச் சோதனை நிலையம் என்று கட்டளை வந்தது.

தம்பி, பின்னால் இருப்பவரே, கேட்டீர்தானே? சரியாகக் கேட்டால் வரும். சரியாகக் கேட்க வேண்டுமென்றால் முப்பத்தொரு வீட்டுக்கு நடக்க வேண்டும்.

இன்று காலை எழும்பிக் கடலைப் பார்த்தீர்களா? அதே வாடை. அதே வெள்ளை அலை. லாஞ்சு இன்றைக்கும் ஓடவில்லை. நேற்றே வந்த உறுப்பினர் இனித் திரும்பிப் போக ஏலாது. சாப்பாடு தலைவர் வீட்டில் என்று கேள்வி. சோதனை மேற்பார்வையாளர் மூன்று நாளுக்கு முன்பே வந்து தங்கியிருக்கிறார். இங்கே வரும் வழியில் நான் துறையடிக்குப் போய்ப் பார்த்தேன். காற்று இரைந்தது. அலை எறிந்தது. மழை அடித்தது. துறையடியில் ஒரு பிள்ளையும் நிற்கவில்லை! ஒரு பிள்ளையும் நிற்கவில்லை, தாய்மாரே! இரைகிற காற்று இரையட்டும். எறிகிற அலை எறியட்டும். எங்கள் பிள்ளைகள் திங்கட்கிழமை வீட்டில் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, நடந்து வந்து எழுதுவார்கள்!

இந்த வருட விண்ணப்பங்களை நான் எழுதவில்லை. இதற்கிடையில் ஓய்வு பெற்றவன், எழுதவும் பயம். பிள்ளைகளே தங்கள் கையால் எழுதினார்கள். ஸுல்பிகா தன்னுடையதைக் கொண்டுவந்து, "பாருங்க சேர், பிழை இருக்கா?" என்று கேட்டாள். விலாசம் என்ற இடத்தில், கோட்டுக்கு மேலே அழுத்தி எழுதியிருந்தாள்: கண்டற்குடா. ஒரு பிழையும் இல்லை, மகள் என்றேன்.

கேட்கத் தெரிந்த உறுப்பினருக்கும், காத்திருந்த ஸைனுலாப்தீன் அவர்களுக்கும், பாய் விரித்த வீடுகளுக்கும், இவ்வளவு நேரம் நனைந்த உடுப்போடு பொறுத்திருந்த உங்களுக்கும் இந்தப் பழைய வாத்தியாரின் நன்றி. பிள்ளைகளே, மழை விடும்வரை இங்கேயே இருந்து படியுங்கள். வணக்கம், ஸலாம்.