மாடி வகுப்பு

அல்வாலிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கணவனும் மனைவியும். நடுவில் அவர்கள் பெண், இரண்டு காலிலும் நடக்க உதவும் இரும்புக் காலிப்பர் மாட்டி, ஸ்கூல் யூனிஃபார்மில்.

"இப்ப ஸ்கூலுக்குள்ள போனேன்ல, இவள ஃபெயில் பண்ணிடுங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"கைக்கூ? எதுக்கு? எல்லாத்துலயும் ஏ கிரேடு வாங்கறா, உனக்கென்ன பைத்தியமா?"

"ரெண்டாங்கிளாஸ் கீழ இருக்கு. மூணாங்கிளாஸ் மாடியில."

"ஆயாம்மா தூக்கிட்டுப் போகமாட்டாங்களா?"

"காலைல ஒருவாட்டி தூக்குவாங்களாம். பாத்ரூம் கீழதானே? அதுக்குப் பயந்துக்கிட்டு இவ நாள்பூரா தண்ணியே குடிக்கமாட்டா."

"அந்தக் கிளாஸைக் கீழ கொண்டுவரச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ஒரு குழந்தைக்காக அத்தனை பேரையும் எறக்க முடியாதாம்."

அவர் ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "அப்போ மை ஃப்ரெண்ட்ஸ் ஆல்ஸோ ஃபெயில், மம்மி?"

அந்த அம்மா சட்டென்று எழுந்து மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளத் தூக்கிக்குங்க. அடுத்த ஸ்டாப்ல எறங்கி ஸ்கூலுக்கே திரும்பிப் போலாம். இந்தவாட்டி நீங்களும் உள்ள வரீங்க."