கண் மூடாத ஜெபம்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பஸ். முன் இருக்கையில் இறால் விற்றுவிட்டு வீடு திரும்பும் இரண்டு பெண்கள். காலடியில் காலி அன்னக்கூடைகள். அடுத்தவர் பேச்சைக் கேட்பது தப்புதான். ஜன்னலோரம் கிடைக்காதவனுக்கு வேறென்ன வேலை?

திருப்பாலைவனம் தாண்டியதும் மூத்தவள் சொன்னாள்:

"ஜெபத்துல நான் கண்ண மூடறதே இல்ல, மேரி."

"இன்னாக்கா சொல்ற? சபையில எல்லாரும் மூடறோமே!"

"சின்ன வயசுல, சாப்பாட்டுக்கு முன்னால எங்க நைனா என்னைத்தான் ஜெபம் பண்ணச் சொல்லும். கண்ண மூடினதும் வலைக் கயித்தால முதுகுல ஒண்ணு வுடும். குடிச்சிட்டா அதுக்கு அது ஒரு வெளாட்டு."

மேரி கூடையைக் காலால் நகர்த்தி வைத்தாள்.

"உங்க நைனா செத்து எத்தினி வருசமாச்சி?"

"இருவது இருக்கும்."

"ஆண்டவரும் நமக்கு அப்பாதான்க்கா. ஆனா அவரு அடிக்க மாட்டாரு."

"பாஸ்டரும் அதான் சொல்றாரு. அவரு அப்பான்னு சொன்னதும் எனக்குக் கண்ணு தானா தொறந்துக்குது. சரி, பாப்போம்னு நானும் வாராவாரம் பாத்துகினே கீறேன். ஒரு தபாகூட ஆண்டவரு கை ஓங்கல."

"அப்பறம் இன்னா? மூடிக்கயேன்."

மூத்தவள் யோசித்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன்."