பெண்கள் பயமின்றித் தண்ணீர் குடிக்கும் உணவகம்

காலை பத்து மணிக்கு அமர்ந்த நாற்காலியில் மாலை ஐந்து மணி வரை அசையாமல் அமர்ந்து, எட்டுப் பேச்சாளர்களை இன்முகத்தோடு தாங்கி, ஒன்பதாவதாக என்னையும் தாங்கத் துணிந்திருக்கும் தலைவர், துறைமுகச் சாலை உணவக உரிமையாளர் மதிப்பிற்குரிய லூயிஸ் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் நம் உணவகச் சங்கத்துச் சான்றோர்களே! ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வரையிலிருந்து, அடுப்பை அடுத்தவர் பொறுப்பில் விட்டு, மனத்தை அடுப்படியிலேயே விட்டு வந்திருக்கும் தொழில் தோழர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! உட்கார இடமிருந்தும் பந்தல் ஓரத்தில் நின்றபடியே கேட்கும் பரிமாறும் பணியாளர்களே! உங்கள் அனைவருக்கும் என் உளமார்ந்த வணக்கம்.

நான் ஆறுமுகநயினார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நயினார் கபே நடத்துகிறவன். இருபத்தேழு ஆண்டுகளாக நின்றுகொண்டே பிழைத்தவன். தொண்டை கட்டியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது. ஆகவே என்னிடம் இடிமுழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். இயன்றதைச் சொல்கிறேன்.

'இக்கால உணவு நாகரிகமும் நம் உணவகங்களைப் புதுமைப்படுத்தும் வழிகளும்.' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. எழுபதாம் ஆண்டும் இதே தலைப்பு. எழுபத்தொன்றிலும் இதே தலைப்பு. இது மூன்றாம் முறை. ஆள் மாறவில்லை, சொல்லப் போகும் செய்தியும் மாறவில்லை. மாறாத இன்னொன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர்கள் எத்தனை எத்தனை புதுமைகளை எடுத்துரைத்தார்கள்! குளிர்சாதன அறை கட்டுங்கள் என்றார் ஒருவர். நூடுல்ஸ் கிண்டுங்கள் என்றார் இன்னொருவர். ஆங்கிலத்தில் அட்டை அச்சடித்து மேசையில் வையுங்கள், ஐஸ்கிரீமுக்கு மேலே செர்ரிப் பழம் வையுங்கள், நின்றுகொண்டே சாப்பிடும் விருந்து வையுங்கள் என்றெல்லாம் அடுக்கினார்கள். குறை சொல்லவில்லை ஐயா. இவையனைத்தையும் நானும் ஒருநாள் நம்பினேன்.

அறுபத்தெட்டுப் பொங்கலுக்கு என் கடையை நான் புதுக்கினேன். கல் மேசைகளைத் தூக்கிப் போட்டேன். பளபளக்கும் ஃபார்மைக்கா மேசைகள் போட்டேன். சுவரெங்கும் கண்ணாடி பதித்தேன். நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று குழல்விளக்குகள் மாட்டினேன். பின்பக்கம் பச்சைத் திரை தொங்கவிட்டு, 'குடும்ப அறை' என்று எழுதியும் வைத்தேன். அந்த வாரம் வந்தது பாருங்கள் கூட்டம்! மறுவாரம் எங்கே போனது? எங்கே போனது அந்தக் கூட்டம்? எங்கள் கடையின் மூத்த சர்வர் லோகநாதன், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"மொதலாளி, ஜனம் கண்ணாடில மூஞ்சி பாத்துகினு போய்ட்ச்சு. தெனமும் வந்து பாக்க அவ்ளோ அழகாவா கீது நம்ம ஏரியா மூஞ்சி?" என்றார்.

சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் சாலையில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம், மின்விளக்குக் குமிழ்களைப் பெட்டியில் அடுக்கும் பிரிவுக்கு முந்நூறு பெண்களை வேலைக்கு எடுத்தது. தோழர்களே, நாகரிகம் நாகரிகம் என்கிறோமே, அதுவல்லவா நாகரிகம்! தங்கள் உழைப்பில் தாங்களே சிற்றுண்டி வாங்கி உண்ணும் பெண்கள், துணைக்கு ஓர் ஆண் இல்லாமல் உணவகப் படியேறும் பெண்கள், நம் வட்டாரத்தில் முதன்முறையாக அணியணியாக வந்தார்கள். என் கடைக்கும் ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் பெயரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தி ஐரீன், ராயபுரம் கோயில் தெருப் பெண், வாய் அடங்காதவள். இன்னொருத்தி வரலட்சுமி, வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். இருபத்திரண்டு வயது; வாயே திறக்காதவள்.

குடும்ப அறையில் அமர்ந்தார்கள். தோசை சாப்பிட்டார்கள். வடை சாப்பிட்டார்கள். ஆனால் லோகநாதன் கொண்டுபோய் வைத்த ஐந்து டம்ளர் தண்ணீரும் ஐந்து டம்ளராகவே திரும்பி வந்தது.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

எனக்கு மானம் போயிற்று. என் கடைத் தண்ணீரில் குறையா? தொட்டியை இறக்கித் தேய்த்துக் கழுவினேன். மண்பானை வாங்கினேன். வெட்டிவேர் போட்டேன். புத்தம்புது எவர்சில்வர் கூஜா வாங்கினேன். ஐஸ் உடைத்துப் போட்டு, நானே என் கையால் கொண்டுபோய் ஊற்றினேன். "குடிம்மா, நல்லா ஜில்லுனு கீது" என்று கெஞ்சினேன். வரலட்சுமி டம்ளரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். உதட்டை நாவால் தடவிக்கொண்டாள். டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டாள். சித்திரை மாதம் ஐயா அது! தார் உருகி, நடப்பவன் செருப்பு சாலையோடு ஒட்டும் வெயில்! சட்னி கேட்டார்கள், சாம்பார் கேட்டார்கள், தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் காரணம் கேட்டேனா? கேட்கவில்லை. தண்ணீரைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல். சாப்பிட்டு வெளியே போன வரலட்சுமி, என் கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தாள். ஓடினேன். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். ரிக்ஷாவில் ஏற்றினோம். ஐரீன் அவளை மடியில் தாங்கிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே ஓடினேன். மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் வரலட்சுமியைப் பார்த்தார். வெளியே வந்து ஐரீனைத்தான் கேட்டார்: "இந்தப் பெண் நாளெல்லாம் தண்ணீரே குடிப்பதில்லையா? சிறுநீரகம் வரை நோய் ஏறியிருக்கிறதே!"

என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் ஊத்தி ஊத்திக் குடுத்தேனேம்மா! ஏன் குடிக்கல அவ?" என்று கத்தினேன்.

ஐரீன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான்காண்டுகளாகச் சுமக்கிறேன்.

"குடிச்சிட்டு எங்க நைனா போறது?" என்றாள். "காலீல ஆறு மணிக்கு வூட்ட வுட்டா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வூடு. கம்பெனில முந்நூறு பொம்பளைக்கி ரெண்டே ரெண்டு கக்கூஸு. ரெண்டுக்கும் வரிசை, வரிசைல நின்னா மேஸ்திரி கத்துவான். ரோட்டுல ஆம்பள எங்கன்னா செவுத்தப் பாத்து நிப்பான். நாங்க? உன் கடைல ஆம்பளைக்கிப் பின்னால மறைப்பு கீது. எங்களுக்கு இன்னா கீது? பச்சக் கலர்ல ஒரு ஸ்கிரீனு கீது!"

அங்கே யார் சிரிப்பது? சிரிக்காதே தம்பி. முன்வரிசைத் தாய்மார்கள் யாராவது சிரிக்கிறார்களா பார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை. வருகிறவருக்கெல்லாம் முதலில் தண்ணீர் வைப்பது நம் தொழில் தர்மம் என்று மார்தட்டுகிறோமே! வைத்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் ஒரு பாதி மக்கள் எழுந்து போவதைக் கண்டோமா? கண்டும் கேட்டோமா?

அன்று மாலையே முடிவெடுத்தேன். குடும்ப அறையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை. நல்ல மரக்கதவு, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி, சோப்பு. பெண்கள் அமர முன்கூடத்திலேயே நான்கு மேசை. ஒளித்து வைக்க மாட்டேன் அவர்களை. இதை என் கூட்டாளி ஹென்றியிடம் சொன்னேன். பதினோரு ஆண்டு என்னோடு ஒரே கல்லாவில் அமர்ந்தவர். என் மகளின் திருமணத்தில் பந்தி முழுவதையும் தனியாளாய்க் கவனித்தவர்.

"நயினாரு, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார். "ஜனம் துன்ன வர்ற எடத்துல கக்கூஸா? கடையே கலீஜ் ஆய்டும்யா! நாலு பொம்பளைக்கோசரம் நாப்பது ஆம்பளைய தொரத்துவியா?"

"தண்ணி குடிக்காம ஒரு பொண்ணு சாவக் கெடக்குது ஹென்றி."

"அது கம்பெனிக்காரன் பாடு. நம்ம பாடு இட்லி."

பேசிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில், "நான் வேணுமா, கக்கூஸு வேணுமா, சொல்லு" என்றார். நான் பச்சைத் திரையை இழுத்துக் கழற்றினேன்; அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று வரை திரும்பவில்லை. கெட்டவர் அல்ல அவர். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சியவர். அவரில்லாத கடையில் இன்றும் கல்லாவின் ஒரு பக்கமாகவே உட்காருகிறேன்; பழக்கம் விடவில்லை.

ஊர் சொன்னது! மாநகராட்சி அனுமதிக்கு அலைந்து, கொத்தனாரிடம் பல்லைக் காட்டி, இரண்டு மாதத்தில் கட்டி முடித்தேன். உடனே என் கடைக்குப் புதுப் பெயர் வந்தது. உங்களுக்கும் தெரியுமே! சொல்லுங்கள், வெட்கமென்ன? 'கக்கூஸ் ஹோட்டல்!' பேருந்து நடத்துனரே அந்தப் பெயரைச் சொல்லி ஆளை இறக்கினார். முதல் நாள் ஒரு பெண்ணும் வரவில்லை. இரண்டாம் நாள், வழக்கமாக வரும் ஆண்களில் பாதிப்பேர் வரவில்லை. மூன்றாம் நாள் லோகநாதனும் நானும் எதிரெதிர் மேசையில் அமர்ந்து எங்கள் இட்லியை நாங்களே சாப்பிட்டோம்.

நான்காம் நாள் பகல் ஐரீன் தனியாக வந்தாள். நேரே பின்னால் போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள். போட்டாள், எடுத்தாள். சரியாக விழுகிறதா என்று சோதிக்கும் ஓசை கூடம் முழுக்கக் கேட்டது. சற்றுப் பொறுத்து வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முன்கூடத்து மேசையில், இருந்த நாலைந்து ஆண்களும் பார்க்க, உட்கார்ந்தாள்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுண்ணே" என்றாள் லோகநாதனிடம். குடித்தாள்.

"இன்னொண்ணு." குடித்தாள்.

"இன்னொண்ணு."

மூன்றாவது டம்ளரை அவள் கீழே வைத்தபோது லோகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டார். அவள் வேறெதுவும் வாங்கவில்லை. எழுந்து போய்விட்டாள். மறுநாள் பதினோரு பெண்கள் வந்தார்கள். மாத முடிவில் உட்கார இடமில்லை.

வியாபாரம் கேட்கிறீர்களா? சொல்கிறேன். பெண்கள் வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள், அவர்கள் மாமியார்கள் வந்தார்கள். வண்ணாரப்பேட்டைக்குத் துணி வாங்கப் போகிறவர்கள், வழியில் நம்பி இறங்கும் இடம் நயினார் கபே என்றானது. போன ஆண்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், ஹென்றியைத் தவிர. அந்த ஃபார்மைக்காவால் வராத கூட்டம், அந்தக் கண்ணாடியால் வராத கூட்டம், ஒரு மரக்கதவால் வந்தது! வாடிக்கையாளரை ஈர்ப்பது எப்படி என்று கேட்கிறீர்களே, வருகிறவருக்கு என்ன தேவை என்று கேட்டால் போதும் ஐயா, கேட்டால் போதும்!

வரலட்சுமியா? கேட்டீர்களே, நன்றி தாயே. நாற்பது நாள் படுக்கையில் இருந்தாள். பிழைத்தாள். ஆனால் பழைய உடம்பு வரவில்லை. கடின வேலை கூடாது என்றார்கள் மருத்துவர்கள். போகாமல் எப்படி? போகிறாள். பகலில் என் கடைக்கு வருகிறாள். இப்போதும் வாய் திறப்பதில்லை. அவள் மேசைக்கு மட்டும் லோகநாதன் இரண்டு டம்ளர் வைக்கிறார்.

கதவைத் தாமதமாகத் திறந்தேன் தோழர்களே. தண்ணீர் திரும்பி வந்த முதல் நாளே நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள்.

இதைத்தான் எழுபதில் சொன்னேன், கை தட்டினீர்கள். எழுபத்தொன்றில் சொன்னேன், பொன்னாடை போர்த்தினீர்கள். மாறாத இன்னொன்று உண்டு என்றேனே, அது இதுதான்: துறைமுகத்திலிருந்து மீஞ்சூர் வரை, இந்தச் சங்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு உணவகங்கள். மூன்றாண்டுகளில் என்னைத் தவிர ஒருவர், ஒரே ஒருவர், ஒரு செங்கல் வைத்தீர்களா? பந்தலில் ஒரு பெண்ணுக்கு இப்போது அவசரம் என்றால் எங்கே போவார், யோசித்தீர்களா? சலித்துவிட்டது ஐயா. கைத்தட்டல் வேண்டாம். பொன்னாடையைத் தயவுசெய்து மடித்து வையுங்கள். நான் கேட்பது ஒன்றே. அடுத்த பொங்கலுக்குள் என் கடையில் பெண்களுக்கு ஒரு கதவு வைப்பேன் என்கிறவர்கள், இங்கேயே, இப்போதே, கை உயர்த்துங்கள். நான் காத்திருக்கிறேன்.

என்ன? 'எடம் இல்லை நயினாரே' என்கிறீர்களா? கண்ணாடி மாட்ட இடமிருந்தது. 'ஊர் சிரிக்கும்' என்கிறீர்களா? சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டது, உங்களுக்குக் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும்.

காத்திருக்கிறேன்.

யாரும் இல்லையா? சரி. தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். நான் என் உரையை…

யார் அது, கடைசியில்? தூணுக்குப் பின்னால் ஒரு கை தெரிகிறதே! வழி விடுங்கள் ஐயா, அவர்களைக் கொஞ்சம் முன்னால் விடுங்கள். தங்கள் பெயர் தாயே? ஜஹானாரா. காசிமேட்டில் ஆப்பக் கடை நடத்துகிறீர்களா? சங்க உறுப்பினர் இல்லையா? பரவாயில்லை, சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் நானே சொல்கிறேன்: "எங்குது சின்னக் கடைதான் பாய். நாலே நாலு பெஞ்சு. மீன் விக்கிற பொம்பளைங்கதான் வர்றாங்க. பின்னால கோழி கட்டுற எடம் கீது. கோழிய வித்துட்டுக் கட்டிர்றேன். ஆனா எப்டி கட்றது, யார்கிட்ட பர்மிஷன் கேக்கறது, ஒண்ணியும் தெரியாது. வந்து காட்டுவீங்களா?" என்கிறார்கள்.

வருகிறேன் தாயே. நாளைக் காலை ஏழு மணிக்கு, கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

நாலு பெஞ்சுக் கடை. சங்கத்தில் இல்லாத கடை. நூற்றுப் பன்னிரண்டு பேரே, நன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தின் நவீன உணவகம் எது என்று அடுத்த ஆண்டு யாராவது கேட்டால், அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும்.

இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கும், சிரித்தவர்களுக்கும், சிரிக்காத தாய்மார்களுக்கும், தூணுக்குப் பின்னாலிருந்து கை உயர்த்திய அந்தச் சகோதரிக்கும் நன்றி கூறி, விடைபெறுகிறேன். வணக்கம்.