இரண்டு அவுட் பாக்கி இருந்தபோது

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, லொரெட்டா அம்மையாரின் மகள் மார்லா அவர்களே, மில்பர்ன் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்களே!

பதினெட்டு ஆண்டுகள் நம் அணியின் மேலாளராக இருந்த லொரெட்டா ஹாவர்காம்ப் அம்மையாரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அவர் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவன் நான். அது என்னிடம் வந்த கதையைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

சின்ன ஊர் அணி எதை வைத்துப் பிழைக்கிறது? நன்றாக ஆடுகிறவனைப் பெரிய அணி பிடுங்கிக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது டிக்கெட்டும் பீரும் ஹாட் டாகும்தான். செவ்வாய்க்கிழமை நானூறு பேரைக் கூட்ட லொரெட்டா அம்மையார் என்னதான் செய்யவில்லை! நாய்களைக்கூட இலவசமாக உள்ளே விட்டார். நம் அணியின் சின்னமான நாரை வேடம் போடுகிறவனுக்குக் காய்ச்சல் வந்த அன்று, அறுபத்திரண்டு வயதில், அந்த வேடத்துக்குள் தானே புகுந்து ஆடினார்!

ஆனால் நம் பிழைப்பு சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதியில் இருக்கிறது. அன்றுதான் வாணவேடிக்கை, அன்றுதான் அரங்கு நிரம்பும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மாலையில் ஆற்றின் அக்கரையில் மின்னியது. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்துவிட்டால் ஆட்டம் நடந்ததாக விதி. அதற்குமுன் நின்றால் நாலாயிரம் பேருக்கும் இன்னொரு நாள் இலவச டிக்கெட். அந்த ஐந்தாவது முடிய இரண்டு அவுட் பாக்கி.

"அம்மா, ரெண்டே அவுட்டு. பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கங்க" என்றேன், அப்போது அவருடைய உதவியாளனாக இருந்த நான்.

"நான் மூடிக்கலாம் தம்பி. அலுமினிய பெஞ்சுல நாலாயிரம் பேர் உக்காந்திருக்காங்களே, அவங்களை எதால மூடுவ? ஆட்டத்தை நிறுத்து, ஹாரனை அடி."

நான் அடிக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு அவரே அடித்தார்.

இரண்டு மணி நேரம் அக்கரையிலேயே மின்னியது. இக்கரையில் ஒரு சொட்டு விழவில்லை. ஆட்டம் ரத்து.

"என்ன கிழவி, இடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளியப் போறியா?" என்று வாசலில் ஒருவர் கத்தினார்.

"ஒளியறேன்டா. நீ முதல்ல புள்ளைய கார்ல ஏத்து!"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் உரிமையாளர் கேட்டார்: "அவங்களுக்கு வயசாயிடுச்சு இல்ல?" "ஆமா சார், பதறிடறாங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைத்ததுதான் என் நாற்காலி.

அதன்பின் லொரெட்டா அம்மையார் டிக்கெட் வாங்கி வந்து உங்களோடு உட்கார்ந்தார். போன ஆகஸ்டில் மறுபடி மின்னியது. நான் ஹாரனைத் தொடவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸ் முடியக் காத்திருந்தேன். அவர் வரிசை வரிசையாகப் போய், "எழுந்திருங்கப்பா, உள்ள போங்க" என்று கெஞ்சினார். உட்காரச் சொல்லிக் கூச்சலிட்டீர்கள். நான் மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இன்று சிறையில் இல்லாமல் மேடையில் நிற்கிறேன்!

சென்ற வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்க எனக்கு ஆறு மாதம் இருந்தது. கேட்டேனா? கேட்கவில்லை.

அவர் பணியைத் தொடர்வேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மின்னல் வரும்போது நான் டிக்கெட்டைத்தான் பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் ஹாரன் சாவியை இன்று காலை புல்தரையைப் பராமரிக்கும் டுவேனிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு டிக்கெட் விற்கிற கவலை இல்லை. அவர் அடித்தால், ஒரு அவுட் பாக்கி இருந்தாலும் ஆட்டம் நிற்கும். உரிமையாளருக்கும் எழுதிவிட்டேன். என் வேலை போனால் போகட்டும்.

என்றாவது நான் அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்டால், வீட்டுக்குப் போய் முணுமுணுக்காதீர்கள். அங்கேயே எழுந்து நின்று கத்துங்கள், அந்த அம்மையாரைப் பார்த்துக் கத்தினீர்களே, அதே குரலில்.