காசு கொடுத்து வாங்கிய ரிங்டோன்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். அதில் திருநெல்வேலிப் பேச்சுக்காரன் கொதித்துக்கொண்டிருந்தான்.

“காசு குடுத்து டவுன்லோடு பண்ணுன ரிங்டோன்லே அது. ஒனக்கு மட்டுந்தானே புளூடூத்துல அனுப்புனேன்? யாரக் கேட்டு கம்பெனில நம்ம லைன்ல வேல பாக்குறவன் எல்லாத்துக்கும் குடுத்த?”

“நீ மட்டும் அத்த வித்தவன கேட்டுக்கினா எனக்குக் குடுத்த?”

“நான் வாங்குனவன், குடுப்பேன். நீ சும்மா வாங்கிக்கிட்டவன், என்னையக் கேக்கணும்லா!”

“கேக்கறவன்கிட்ட இல்லன்னு எப்டிபா சொல்றது? குடுத்ததால உன்னுது கொறஞ்சா பூட்ச்சி?”

“கொறையலயா? நேத்து எனக்குப் பேசியிருக்க பொண்ணு வீட்டுல இருந்து மூணு தடவ போன் அடிச்சிருக்காவ. ரூம்ல எட்டு பேரு. ஒவ்வொருத்தனும் அடுத்தவன் போனுன்னு படுத்துக் கெடந்திருக்கோம். நானுந்தான்!”

அப்போது அதே ரிங்டோன் ஒலித்தது. பஸ்ஸில் பாதிப்பேர் பாக்கெட்டைத் தடவினார்கள். இவர்கள் இருவரையும் முன்பின் தெரியாத நானும் தடவினேன். திருநெல்வேலிக்காரன் மட்டும் அசையவில்லை.

“பாத்தியா, எவனோ எடுக்காமக் கெடக்கான். எடுத்துத் தொலைங்கலே!” என்று பின்பக்கம் திரும்பிக் கத்தினான்.

அவன் சட்டைப் பைக்குள் நீல வெளிச்சம் மின்னிக்கொண்டே இருந்தது.