சியேனாப் பக்கத்துக் குசினிக்கு ஒரு அழைப்பு

"ஹலோ? ... ஹலோ, கேக்குதோ? ... ஓம். ... ஓம் ஓம், தமிழ்தான். ... நான் சுவிசிலையிருந்து கதைக்கிறன். ... இல்லை இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ. ... யேசுதாசன் அண்ணைதானே? ... உங்கடை முதலாளியம்மாவிட்டைப் பேரைக் கேட்டனான், அவதான் ரெலிபோனைக் குசினிக்குக் கொண்டுவந்து தந்தவ. ... ஆரெண்டோ? ... அது வந்து..."

ஜதுஷன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். பீல் நகரத்துக் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் காலை ஒன்பது மணி இடைவேளை பதினைந்து நிமிடம். மற்றவர்கள் உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் பின்பக்கத்துச் சைக்கிள் கொட்டகைக்குள் வந்து நின்றான். முதல் வசனத்தை நேற்றிலிருந்து மனத்துக்குள் பழகி வைத்திருந்தான். பழகியதில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை.

"அண்ணை, போன கிழமை உங்கடை இடத்திலை சைக்கிள்காரர் ஆறு பேர் வந்து நிண்டவை. ... ஓம், சிவப்புச் சட்டை. ... அதிலை ஒராள், காலமை வெளிக்கிடேக்கை கேற்றடியிலை கிறவல் கல்லிலை சறுக்கி விழுந்தவர். ... ஓம். ... அது நான்தான்."

மறுமுனையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"ஹலோ? ... இருக்கிறியளோ? ... முழங்காலோ? ... முழங்கால் ஆறீட்டுது, அண்ணை. பொருக்குக் கட்டீட்டுது. ... இல்லை, தையல் போடேல்லை. ... நீங்கள் கழுவின வடிவுக்கு ஒரு மணல்கூட உள்ளுக்கை இல்லை எண்டு டொக்டரே சொன்னவர். ... சைக்கிளிலை பிழையில்லை. கிறவலுக்கெண்டே அகல ரயர் போட்ட சைக்கிள்தான். ... ஓம், ஆசைக்குத்தான் ஓடுறது. ... ஓம், தார் ரோட்டு இருக்கத்தக்கதாக் கிறவலைத் தேடிப் போறது விசர்தான், ஒத்துக்கொள்ளுறன். ... அண்ணை, முழங்காலைக் கேக்காதேங்கோ. ... கோவமில்லை. நீங்கள் முழங்காலைக் கேட்டா எனக்குச் சொல்ல வந்தது சொல்ல வருகுதில்லை."

அவன் எதிர்பார்த்தது ஏச்சை. ஏச்சுக்குப் பதிலும் வைத்திருந்தான். சுகம் விசாரித்தால் என்ன சொல்வதென்று யோசித்திருக்கவில்லை.

வேலைத்தலத்துச் சிநேகிதர் ஐந்து பேரோடு, சைக்கிள்களை வானில் ஏற்றிக்கொண்டு போன பயணம் அது. இத்தாலியில் சியேனாவைச் சுற்றியுள்ள குன்றுகளில் தார் காணாத வெள்ளைக் கிறவல் ரோட்டுகள், இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், மேட்டுக்கு மேடு மதில் கட்டிய பழைய ஊர்கள். மூன்றாம் நாள் மத்தியானம் எண்ணூறு வருடத்து மடம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டார்கள். ஜதுஷன் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது, வேறொரு மேசையிலிருந்த பெண் அவனைக் கடை வேலையாள் என்று நினைத்துத் தன் எச்சில் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள். அவனும் மற்றவர்களைப் போலச் சிவப்புச் சைக்கிள் சட்டைதான் போட்டிருந்தான். இருந்தும் நீட்டினாள். ஐந்து பேரில் ஒருவனான ரெட்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜதுஷனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தும்விட்டான்.

அன்று பின்னேரம் தங்கப்போன பண்ணை வீட்டில், ஈர ஏப்ரனோடு ஒருவர் குசினிக்குள்ளிருந்து முற்றத்துக்கு ஓடிவந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஆறு பேரையும் விட்டுவிட்டு நேரே அவனிடம் வந்து, தமிழோ என்று தமிழில் கேட்டார். ரெட்டோ பார்த்துக்கொண்டு நின்றான். ஜதுஷன் இத்தாலியனில், விளங்கவில்லை என்றான்.

"அண்ணை, நான் சொல்ல வந்தது இதுதான். முத்தத்திலை வந்து என்னைக் கேட்டனீங்கள். ... ஓம். ... விளங்கேல்லை எண்டு சொன்னனான். ... விளங்கினது. ... ஓம், முழுக்க விளங்கினது. ... என்ன? ... தெரியுமோ? ... எப்பயிருந்து? ... ஓம். ... ஓம், விழேக்கை 'ஐயோ அம்மா' எண்டுதான் கத்தினனான். ... உண்மைதான், பிறகு என்னத்தை மறைக்கிறது."

கொட்டகைக்குள் யாருமில்லை. இருந்தும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். காது மடல்வரை சுட்டது.

"அப்ப தெரிஞ்சுகொண்டே ரெட்டோவுக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்? ... அவன்தான், தாடி வைச்ச உயரமான ஆள். இவன் உங்கடை நாட்டவனோ எண்டு கேட்டவன். நீங்கள் என்ரை காலைக் கழுவிக்கொண்டு, 'இல்லை, இந்தியாவாக்கும்' எண்டு சொன்னனீங்கள். ... சிரிக்காதேங்கோ, அண்ணை. ... சிரிப்பில்லை இது. குசினி வாசலிலை மாதா படம் வைச்சிருக்கிற மனிசன், என்ரை மானத்துக்காகப் பொய் சொன்னனீங்கள். ... சின்னப் பொய் எண்டாலும் பொய்தானே. ... சரி, அதை நீங்கள் மாதாவோடை கதைச்சுத் தீர்த்தாச்சோ. ... ஓம். நான் இன்னும் தீர்க்கேல்லை."

அவனையறியாமல் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"என்ரை மனிசிதான் பிடிச்சவ. ... ரிஷானி. ... சைக்கிள் போத்திலைக் கழுவத் திறந்துபோட்டு, மணந்து பாத்திட்டுக் கேட்டா, ஆர் உங்களுக்கு மல்லித்தண்ணி அவிச்சுத் தந்தது, இத்தாலிக்காரனோ எண்டு. ... ஓம், போத்திலிலை ஊத்தித் தரேக்கை வேர்க்கொம்புச் சுக்கும் போட்டிருந்தனீங்கள். ... குடிச்சனான். வானுக்குள்ளை இருந்து வழி முழுக்கக் குடிச்சனான். ... இல்லை, அவ ஏசேல்லை. எல்லாத்தையும் கேட்டா, கேட்டுப்போட்டு, அவரின்ரை பேர் என்ன எண்டா. எனக்குத் தெரியேல்லை. அதுக்குத்தான் ஏசினவ."

"... ஆர் கூப்பிடினம்? ... காலமைக் கோப்பையளோ? ... கழுவுங்கோ, கழுவுங்கோ. காதுக்கும் தோளுக்கும் நடுவிலை வைச்சுக்கொண்டு கதையுங்கோ. எனக்குக் கேக்குது. ... ஓம், பழக்கமான சத்தம்தான். அப்பா இஞ்சை சோலோதுர்னிலை ஒரு ஹோட்டலிலை இருபத்தாறு வருசம் கோப்பை கழுவினவர். ... ஓம். ... பேர் வரதராசா. ... தெரியாதுதான், நீங்கள் இத்தாலி எல்லே. ... அண்ணை, நீங்கள் என்ரை காலைப் பிடிச்சுக் கழுவேக்கை நான் உங்கடை கையைத்தான் பாத்தனான். விரல் நுனியெல்லாம் ஊறி, நகத்தடியிலை வெடிச்சு... அப்பாவின்ரை கை அது. அதைப் பாத்துக்கொண்டும் இத்தாலியனிலை நன்றி சொன்னனான்."

பேச்சை மாற்ற அவசரமாக வேறொன்றைக் கேட்டான். அவசரத்தில் கேட்டதுதான், அதற்குள் இவ்வளவு இருக்குமென்று அவனுக்குத் தெரியாது.

"அண்டைக்கு ஏன் அப்பிடி ஓடிவந்தனீங்கள்? ... சும்மாவோ? ... சும்மா ஆர் ஈரக்கையோடை ஓடிவருவினம்? ... இல்லை, சொல்லுங்கோ. ... வானின்ரை நம்பர் பிளேட்டைப் பாத்தோ? ... சுவிஸ் எண்டு கண்டு. ... ஓம். ... ஆர், உங்கடை அக்காவோ? ... ஃப்ரிபூர்க்கிலையோ? ... தெரியும், இஞ்சையிருந்து கிட்டத்தான். ... என்னத்தைக் குடுத்துவிட? ... அம்மாவின்ரை செபமாலை. ... ஓம். ... ஊரிலையிருந்து உங்களிட்டை வந்து சேர்ந்தது. ... ஓம், முந்தி ஒருக்காத் தபாலிலை போட்ட பார்சல் துலைஞ்சது."

யாரோ ஒருவர் அந்தப் பக்கம் போகிறார் என்றால் போதும். பெயர்கூடத் தெரியாத ஆளிடமும் ஊர்ச்சனம் ஒரு பொட்டலத்தை நம்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள். சோலோதுர்ன் வீட்டுக்கு வந்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, அவன் பிறந்தநாள் சங்கிலி எல்லாம் அப்படி முன்பின் தெரியாத கைகள் கொண்டுவந்தவைதான். ஒன்றும் தொலைந்ததில்லை.

"நீங்களே கொண்டுபோகேலாதோ? ... ஓ, விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கோ. அது வருமட்டும் எல்லை தாண்டேலாது. ... அக்காவுக்கு என்ன வருத்தம்? ... ஒப்பரேசனோ? ... எப்ப? ... நாளைக்குக் காலமையோ? ... ஆர் நிக்கினம் அவவோடை? ... ஒருத்தருமில்லையோ?"

"... அண்ணை, நான் விளங்கேல்லை எண்டு சொல்லேக்கை அந்தச் செபமாலை எங்கை இருந்தது? ... ஏப்ரன் பொக்கற்றுக்கையோ? ... அப்பவே பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டே வந்தனீங்கள்? ... பிறகு, விழுந்த பிறகாவது தந்திருக்கலாமே? நான் ஆரெண்டு தெரிஞ்சுபோச்சுத்தானே? ... ஓம். ... ஓம். ... தந்தா அவங்களுக்கு முன்னாலை நான் பிடிபட்டிடுவன் எண்டு. ... கடவுளே."

ஜதுஷன் சைக்கிள்களைப் பூட்டும் இரும்புக் கம்பியில் உட்கார்ந்தான். தன் ஒரு சொல் அந்த மனிதரைக் கொஞ்சம் நோகச் செய்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். அக்காவின் கைக்குப் போகவேண்டியதை அவர் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டே அவன் காலைக் கழுவினார். அவன் வெட்கப்படக் கூடாது என்று அதை வெளியில் எடுக்காமல் விட்டார். ஒருவன் தன் பொய்க்குத் தான் மட்டும்தான் விலை கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறான். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை. ... இல்லை, விடேலாது. ... நீங்கள் விடுவியள். எனக்கு விடேலாது. ..."

கொட்டகைக் கதவு திறந்தது. கையில் கோப்பியோடு ரெட்டோ எட்டிப் பார்த்து, மணிக்கூட்டைக் காட்டினான். ஜதுஷன் எழுந்தான். கைபேசியை மூடவில்லை. ஜெர்மனில் சொன்னான்.

"ரெட்டோ, நில். ... இல்லை, ரிஷானி இல்லை. என் காலைக் கழுவிவிட்டாரே, அவர். ... ஆம், அந்தக் குசினிக்காரர். ... தமிழில் கதைக்கிறோம். ... இல்லை, நான் இந்தியா இல்லை, அவர் என் அப்பா அம்மாவின் ஊர்ப்பக்கம். ... நான் விழுவதற்கு முந்தின நாள் பின்னேரமே அவர் என்னைத் தமிழில் கேட்டார். எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று பொய் சொன்னேன். ... ஏனென்றால் நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ... இல்லை, உன் பிழையில்லை, என்னுடையது. ... அந்தப் பெண் கோப்பையை நீட்டியபோது நீ சிரித்தாயே, அது மட்டும் கொஞ்சம் உன்னுடையது."

ரெட்டோ கோப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். தாடிக்குள் முகம் சிவந்தது. பிறகு, தான் இன்னும் வாய் வைக்காத அந்தக் கோப்பியை ஜதுஷனுக்குப் பக்கத்தில் கம்பியின் மேல் வைத்தான்.

"நன்றி. ... ஆம், மேற்பார்வையாளரிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லு. ... சரி, பத்து."

கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

"அண்ணை? ... ஓம், அவன்தான். ... சொல்லிப்போட்டன். ... எல்லாம்தான். ... தேவையோ எண்டோ? தேவை, அண்ணை. ... இல்லை, பகிடி பண்ணேல்லை, கோப்பி தந்திட்டுப் போறான். ... கேளுங்கோ, பின்னேரம் வேலை முடிய நான் ஃப்ரிபூர்க்குக்குப் போறன். ... இண்டைக்கேதான். பேர்னிலை ரெயின் மாறினா ஒரு மணித்தியாலம். ... வெறுங்கையோடைதான் போகவேணும், ஒப்பரேசனுக்கு முதல் செபமாலையைச் சேர்க்க இனி வழியில்லை. சனிக்கிழமை உங்களிட்டை வந்து செபமாலையை வாங்கிறன். ... தூரம்தான். ஆசைக்கு அவ்வளவு தூரம் வந்தனான்தானே. ... சரி, அதைப் பிறகு கதைப்பம். ஆஸ்பத்திரியிலை எத்தினையாம் மாடி? ... நாலு. ... அக்காவின்ரை பேர் ஜெயமலர். ... டொக்டர் சொல்லுறது அவவுக்கு விளங்குறேல்லையோ? ... பிரெஞ்சு எனக்குத் தெரியும், அண்ணை, நான் பீல் எல்லே, இஞ்சை ஜெர்மனும் பிரெஞ்சும் ரெண்டும் கதைக்கிறது. எல்லாத்தையும் கேட்டு அவவுக்குத் தமிழிலை சொல்லுறன். ஒப்பரேசன் முடியுமட்டும் நாளைக்கும் நிக்கிறன். ... ஓம், லீவு எடுப்பன்."

"... அக்காவுக்கு நடந்ததையும் சொல்லுறன். ... ஏன் வேண்டாம்? ... நான் செய்ததை அவ அறியத்தானே வேணும். ... ஓம். ... ஓம், பயந்துகொண்டிருக்கிற மனிசிதான். ... என்ரை பாரத்தை இறக்கிறதுக்கு அவவின்ரை கட்டில் இடமில்லை. ... சரி. விளங்குது. சுகமாகி வீட்டை வரட்டும், பிறகு சொல்லுறன். ... அதுமட்டும் நானே சுமக்கிறன்."

நெஞ்சுக்குள் இருந்ததை எங்காவது கொட்டிவிட்டால் லேசாகிவிடும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அதற்குக்கூடக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார். பொறுப்பதுதான் இப்போது கொடுக்கக்கூடியது என்று அவனுக்குப் பட்டது.

"அப்ப ஆரெண்டு சொல்லிக்கொண்டு உள்ளுக்கை போறது? ... சிநேகிதனோ? ... அது பொய், அண்ணை. இனியும் பொய் வேண்டாம். ... ஓ, நீங்களே இப்ப எடுத்துச் சொல்லுறியளோ? ... என்னெண்டு சொல்லுவியள்? ... என்ன? ... கேக்கேல்லை, தண்ணியைப் பூட்டிப்போட்டுச் சொல்லுங்கோ. ... 'எங்கடை பெடியன் ஒருத்தன் வருவான்' எண்டோ?"

ஜதுஷன் கைபேசியை வாயருகே நெருக்கிப் பிடித்தான்.

"இல்லை, அண்ணை. அப்பிடிச் சொல்லாதேங்கோ. அதுக்கு நான் இன்னும்... அண்ணை, கேளுங்கோ, அந்தச் சொல்லு மட்டும் வேண்டாம், வேறை ஏதாவது... ஹலோ? ... அண்ணை?"

ஒரு பெண் குரல் இத்தாலியனில் அழைத்தது. கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்தன. இணைப்பு அறுந்தது.