பத்து மணிக்கு மேல் போங்க

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: தண்ணி விழுதா? பதினொரு வருடமாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

என் பெயர் பரமேஸ்வரன். தென்காசியில் ஜெராக்ஸ் கடை, வீடு குற்றாலத்தில். சீசன் தொடங்கிவிட்டால் காலை ஐந்து மணிக்கு பைக்கை எடுத்துவிடுவேன். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி மூன்றையும் பார்த்துவிட்டு வந்து ஃபேஸ்புக்கில் 'இன்றைய அருவி' என்ற என் பக்கத்தில் நிலவரம் போடுவேன். மிதமாக விழுகிறதா, பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா, குளிக்கத் தடையா என்று மூன்றே வரி. எண்பதாயிரம் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள். மலைமேல் எஸ்டேட்டில் மணிமுத்து என்று ஒருவன் வேலை பார்க்கிறான். மழை பிடித்தால் உடனே எனக்கு போன் செய்வான். மேலே பெய்கிற மழை எந்த ஓடைக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாள்கூட அது தப்பியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

அந்தப் பக்கத்தில் அரசியல் பேச மாட்டேன். அதற்கு என் சொந்த ஐடி இருக்கிறது. நான் எந்தக் கட்சி என்பதை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம். எழுதினால் ஊரில் பாதிப் பேர் இன்றைக்கே என்னை விடுதலை செய்துவிடுவார்கள், மீதிப் பேர் தூக்கில் போட்டுவிடுவார்கள். நான் சொல்வதை யாரும் முழுதாகக் கேட்க மாட்டார்கள்.

சிவனணைந்தபெருமாள் சுரண்டையில் விதைக்கடை வைத்திருப்பவர். எனக்கு எதிர்த்தரப்பு. நேரில் பார்த்ததே கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் தமிழ்ப் புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்று ஒரு பேச்சு வந்தபோதுதான் என் பதிவுக்குக் கீழே முதலில் வந்தார். அந்தச் சண்டை நான்கு நாள் ஓடியது. இரண்டு பேர் வீட்டிலும் இரண்டு நாளும் பாயசம் வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம். பிறகு பாடப் புத்தகம், சினிமா, கோயில், இலவச பஸ் என்று நான் எதை எழுதினாலும் வந்துவிடுவார். நான் அவரை அடிமை என்றிருக்கிறேன், விலைபோனவன் என்றிருக்கிறேன், வீட்டுப் பெண்களையும் இழுத்துப் பேசியிருக்கிறேன். சூடு ஏறினால் எல்லோரும் எழுதுவதுதான். அவர் மட்டும் பதிலுக்கு வைய மாட்டார். எப்போதும் 'அண்ணாச்சி' என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வைகிறவனைத் திருப்பி வைதுவிட்டுப் போகலாம். மரியாதையாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

போன தேர்தல் சமயத்தில், எங்கள் கட்சிக் கூட்டத்துக்குத் தென்காசியே திரண்டது என்று ஒரு படம் போட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த படம். மூன்று மணி நேரம் நல்ல வரவேற்பு. பிறகு சிவனணைந்தபெருமாள் அதே படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம் போட்டுக் கீழே ஒட்டினார். வட்டத்துக்குள் தேர்வடம் தெரிந்தது. காசி விசுவநாதர் கோயில் தேரோட்டத்துக்கு வந்த கூட்டம் அது.

"அண்ணாச்சி, அருவித் தண்ணிய அவ்வளவு சரியா சொல்லுதீங்க. மத்ததுல மட்டும் ஏன் கண்ண மூடிக்கிடுதீங்க?" என்று எழுதியிருந்தார்.

அறுநூறு பேர் அதற்குச் சிரிப்பு போட்டார்கள். என் மச்சினன் எங்கள் கட்சிக்காரன், அவனும் சிரித்திருந்தான். வெறும் வசவாக இருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். அவர் என்னைப் பாராட்டிவிட்டு அடித்தார், ஐயா.

அதன் பிறகு செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் கடையில் வாங்கிய மிளகாய் விதை முளைக்கவில்லை என்று பன்னிரண்டு விவசாயிகள் கூகுளில் எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு பேரும் நான்தான். ஆளுக்கு ஓர் ஊர் கொடுத்தேன். ஒருவருக்கு மட்டும் வயிற்றெரிச்சல் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று இரண்டு ஏக்கர் கொடுத்தேன். அருவிப் பக்கத்திலும் அவரை பிளாக் செய்தேன். அங்கே அவர் ஒருநாளும் அரசியல் பேசியதில்லை, 'நன்றி அண்ணாச்சி' என்று மட்டும் எழுதுவார். இருந்தாலும் எங்கள் ஊர்த் தண்ணீரை அவர் ஏன் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மணிமுத்து கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, மேல கொட்டு கொட்டுன்னு கொட்டுது. ஓடையெல்லாம் கலங்கல் இறங்கிட்டு. இன்னைக்கு யாரையும் விடாதீய."

உடனே என் பக்கத்தில் பதிவு போட்டேன். மலைமேல் கனமழை, திடீர் வெள்ளம் வரலாம், இன்று யாரும் அருவிக்கு வர வேண்டாம் என்று. எண்பதாயிரம் பேருக்கும் சொன்னேன். அதை நீங்கள் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

பத்து நிமிடம் கழித்து என் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

"அண்ணாச்சி, சுரண்டை சிவனணைந்தபெருமாள். ஏன்னு தெரியல, உங்க பக்கம் எனக்குத் திறக்க மாட்டேங்கு. நம்ம சண்டை ஒரு பக்கம் கெடக்கட்டும். வீட்ல ஜெயசித்ரா மூணு வருசமா அருவியில குளிக்கணும்னு சொல்லுதா. கூட்டமில்லாத இடமா ஒண்ணு சொல்லுங்க. தண்ணி விசயத்துல உங்க சொல்லு ஒண்ணு போதும் எங்களுக்கு."

சுரண்டையில் அன்று நல்ல வெயில். மலையில் என்ன நடக்கிறது என்று அங்கிருப்பவருக்குத் தெரிய வழியில்லை. 'இன்று வராதீர்கள்' என்று இரண்டு வார்த்தை அடித்திருந்தால் போதும். விரல் முதலில் அதைத்தான் அடித்தது. பிறகு அந்தச் சிவப்பு வட்டம் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டேன்.

பெரிய அருவிகளில் போலீஸ் நின்று தடுத்துவிடும். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குப் பின்னால் ஓர் ஓடை, ஆள் உயரத்துக்குப் பாறையிலிருந்து விழும். அங்கே காவலும் கிடையாது, வெள்ளம் வந்தால் சங்கு ஊதி எச்சரிக்கவும் ஆள் கிடையாது. வழியை விவரமாக எழுதினேன். பிறகு மணிமுத்து சொன்ன நேரத்தையும் மழையின் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டேன். 'தண்ணீர் அளவாக விழுகிறது. கூட்டமே இருக்காது. பத்து மணிக்கு மேல் போங்க' என்று அனுப்பினேன். அவர் ஒரு கும்பிடு அனுப்பினார். நானும் ஒரு கும்பிடு அனுப்பினேன்.

ஞாயிறு கடை கிடையாது. என் மனைவி உமா மகேஸ்வரி கறி எடுத்துவரச் சொன்னாள். எடுத்துவந்தேன்.

மற்றது அவரே உங்களிடம் சொன்னதுதான். அந்த அம்மா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பாறையடியில் போய் நின்றிருக்கிறார். இவர் கரையில் துண்டையும் செருப்பையும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். முதலில் சருகும் சுள்ளியுமாகக் கொஞ்சம் வந்தது, பின்னாலேயே தண்ணீர் வந்தது. மதியம் மூன்று மணிக்குக் கீழே தடுப்பணையில் அந்த அம்மாவை எடுத்தார்கள்.

அவரும் இறங்குவார் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தண்ணீரில் இறங்கப் பயமாம். மூன்று வருடம் வாதாடியிருக்கிறோம், ஓர் இடத்தில்கூட இதைச் சொன்னதில்லை. அந்த அம்மாவிடம் எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது.

நான் அவருக்கு அனுப்பிய செய்தி வெளியே வந்ததும் இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டன. நான் வேண்டுமென்றே அனுப்பினேன் என்று அவர் ஆட்கள் எழுதினார்கள். பரமேஸ்வரன் பச்சைப்பிள்ளை, இது அவர்கள் கட்சியின் சதி என்று எங்கள் ஆட்கள் எழுதினார்கள். ஆயிரம் பேர் எனக்காகச் சத்தியம் செய்தார்கள், ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் வந்து விசாரித்துவிட்டு, பெரிய அருவிகளுக்கு எச்சரித்தவன் சின்ன ஓடையைத் தப்பாகக் கணித்துவிட்டான் என்று நினைத்து, விபத்து என்று முடித்துவிட்டீர்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த அன்று சிவனணைந்தபெருமாள் ஒரு பதிவு போட்டார். உமா மகேஸ்வரிதான் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"யாரும் அண்ணாச்சிய ஏசாதீய. ஆனைக்கும் அடி சறுக்கும். பதினொரு வருசத்துல ஒரே ஒரு நாள் அவருக்குக் கணக்கு தப்பிட்டு. எங்க கெட்ட நேரம், அது அன்னைக்குன்னு ஆயிட்டு. அவரு மனசு இப்ப என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியும்."

வாசித்து முடிக்கும்போது அவள் அழுதுவிட்டாள். "மனுசன்னா அவருதான். இனியாவது அவருகூட வழக்கடிக்காம வாய மூடிக்கிட்டு இருங்க," என்றாள்.

இருந்திருந்தால் தப்பித்திருப்பேன், ஐயா. எனக்கும் தெரியும். அந்தப் பதிவுக்கு நாலாயிரம் பேர் கும்பிடு போட்டார்கள். எங்கள் கட்சிக்காரர்களும் போட்டார்கள், என் மச்சினனும் போட்டான். என்ன பதில் எழுதுவது என்று நான்கு நாள் அடித்து அடித்து அழித்தேன். மன்னித்துவிட்டேன் என்கிறவனிடம் எதை வைத்து வாதாடுவது? இப்போது காலையில் நிலவரம் போட்டால் கீழே கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, இன்னைக்காவது நல்லா பாத்துட்டுச் சொல்லுதீங்களா?" பதினொரு வருடம் ஒருவனும் அப்படிக் கேட்டதில்லை. தேர்க்கூட்டப் படத்தில் நான் தவறினேன், ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரில் தவறியவன் இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்து, வருகிற நேரம் தெரிந்து, கூப்பிட்டால் கேட்க அங்கே ஆள் இருக்காது என்றும் தெரிந்துதான் அவர்களை அந்த ஓடைக்கு அனுப்பினேன். போன் இதோ இருக்கிறது, எதையும் அழிக்கவில்லை. கொடுக்கிற தண்டனையைக் கொடுங்கள், குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். இதை ஒரு தடவை அவருக்கு வாசித்துக் காட்டினால் போதும். அந்தப் பதிவில் ஒரு வரியை மட்டும் அவர் திருத்த வேண்டும். எனக்குக் கணக்கு தப்பவில்லை. பத்து மணிக்கு மேல் என்று சொன்னேன். பத்து இருபதுக்கு வந்தது.